வினிகர் என்று எழுதிய பாட்டில்

வெள்ளத்தாய்க்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தகவல் வந்த மறுநாளே மகள் வெங்கடேஸ்வரி கொச்சியிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் வந்துவிட்டாள். தெருவில் எல்லாரும் அதை மெச்சினார்கள். அவள் பையில், துணிக்கு நடுவே துண்டு சுற்றிய ஒரு பாட்டிலும் சேர்ந்து வந்தது யாருக்கும் தெரியாது. மாநில எல்லையில் புளியரை செக்போஸ்ட்டில் பஸ் நின்று, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ஏறி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தபோது அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைத் தாண்டிப் போய், பின்சீட்டுக்காரரின் சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். பஸ் கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்துத்தான் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த கையை அவள் எடுத்தாள்.

அந்த பாட்டிலில் இருந்தது ஷெர்ரி. ஸ்பெயினின் தென்கோடியில் ஓர் ஊரைச் சுற்றி மட்டும் செய்கிற ஒயின். அதிலும் இது ஃபினோ என்கிற வகை. வைக்கோல் நிறம், இனிப்பே கிடையாது; முகர்ந்தால் பாதாம்பருப்பு வாசம், குடித்தால் நாக்கில் லேசாக உப்புத் தட்டும். திறந்துவிட்டால் குளிரில் வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் தீர்க்காவிட்டால் அதன் உயிர் போய்விடும்.

கொச்சி ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தாள். முதல் ஏழு மாதம் அது உண்மைதான். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக அவள் அதே ஹோட்டலின் பாரில் காக்டெயில் கலந்துகொண்டிருந்தாள். அதில் அவளுக்கு நல்ல பெயர். ஷெர்ரி செய்கிறவர்கள் நடத்திய போட்டி ஒன்றில் நாடு முழுக்க இருந்து வந்த முன்னூறு பேரில் கடைசி எட்டுப் பேருக்குள் வந்திருந்தாள். இறுதிச் சுற்று நேரடி வீடியோ அழைப்பில். ஷெர்ரிதான் முதன்மை, கூடவே தன் சொந்த ஊரின் பொருள் ஒன்று. எட்டு நிமிஷத்தில் இரண்டு கிளாஸ் கலந்து காட்ட வேண்டும். ஜெயித்தவருக்கு ஒரு மாதம் ஸ்பெயினில் பயிற்சி.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? தங்கப்பாண்டியன் போலீஸில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அதில் கடைசி ஒன்பது வருஷம் மதுவிலக்குப் பிரிவு. பிளவக்கல் பக்கம் மலையடிவாரத்தில் சாராய ஊறல்களைத் தேடித் தேடிக் கவிழ்த்தவர். ஒரு சொட்டுத் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வந்து தன் கையைப் பிடித்த சொந்தத் தம்பியோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர். அவர் வீட்டு ஃப்ரிட்ஜில், அடுத்த மாநிலத்திலிருந்து கடத்திக்கொண்டு வந்த பாட்டில்.

முதல் நாளே அவள் ஷெர்ரியைக் கழுவிய பழைய எசன்ஸ் பாட்டிலுக்கு மாற்றினாள். வெளியே காகிதம் ஒட்டி 'வினிகர்' என்று எழுதினாள். அந்த வீட்டில் வினிகர் வாங்கிப் பழக்கமே இல்லை, யாரும் தொடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டாள். அசல் பாட்டிலை ஊர்க்கோடியில் யாருடைய மாந்தோப்பு முள்வேலிக்குள்ளோ வீசிவிட்டு வந்தாள். அப்படியும் ராத்திரி தண்ணீர் குடிக்க அப்பா ஃப்ரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டால் தூக்கம் கலைந்துவிடும். கதவு மூடும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பாள்.

வீடியோவுக்கு இடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த கிருபாபாய் வீடு. கேட்டரிங் காலேஜில் ஒன்றாகப் படித்தவள். வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கிறாள், அதைப் படம் பிடிக்க வட்ட விளக்கு, ஸ்டாண்டு எல்லாம் வைத்திருக்கிறாள். புதன்கிழமை சாயங்காலம் நாலு இருபதுக்கு வெங்கடேஸ்வரியின் முறை.

அன்று காலை பத்து மணிக்கே அவள் ஃபிளாஸ்கில் கொஞ்சம் ஷெர்ரி, பையில் ராஜபாளையத்துக்கே உரிய பஞ்சவர்ண மாங்காய் ஏழெட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "கிருபா வீட்டுல ஒரு விசேசத்துக்குக் கேக்கு ஆர்டராம், ஒத்தாசைக்குக் கூப்புடுதா," என்று சித்தி செல்வலட்சுமியிடம் சொன்னாள். சித்தி அம்மாவின் தங்கை. சமைத்துப் போட ஆலங்குளத்திலிருந்து வந்திருந்தாள். அப்பா தங்கள் தோப்புக்குப் போயிருந்தார். அம்மாவுக்குத் தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறதென்று டாக்டரம்மா இரண்டு நாள் முன்னால் ஒரு மாத்திரை சேர்த்து எழுதியிருந்தார். சித்திதான் போய் வாங்கி வந்தாள். வெங்கடேஸ்வரி போட்டி நினைப்பிலேயே இருந்தவள், அட்டையைப் புரட்டிப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, மூன்று வேளை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கிருபா வீட்டில் வேலை மும்முரமாக நடந்தது. வெங்கடேஸ்வரி செய்யப்போனது காப்ளர் என்கிற பழைய பானம். ஷெர்ரி, கொஞ்சம் சர்க்கரை, ஏதாவது பழம், மேலே கிளாஸ் நிறையப் பொடித்த ஐஸ். பிராந்தி, விஸ்கி மாதிரி மண்டையில் ஏறாது. வெயிலுக்கு இதமாக இறங்கும். பழத்துக்குப் பதிலாக அவள் எடுத்துக்கொண்டது செங்காய், அதாவது காயும் இல்லாமல் பழமும் ஆகாமல் நடுவில் நிற்கும் பஞ்சவர்ணம். அதைத் துருவிப் பிழிந்த சாற்றில் பனங்கற்கண்டுப் பாகு சேர்த்தால், ஷெர்ரியின் உப்புச் சுவைக்கும் பாதாம் வாசத்துக்கும் அப்படியே போய் ஒட்டிக்கொண்டது. கிருபா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"ஏட்டி, மாங்காயில உப்புத் தொட்டுத் திங்கிற மாதிரியே இருக்கு. ஆனா வேற எங்கயோ கொண்டுபோவுது."

"கொண்டுபோவட்டும். சாயங்காலம் கை நடுங்காம இருக்கணும், அம்புட்டுத்தான்," என்றாள் வெங்கடேஸ்வரி.

ஒன்றே முக்காலுக்குச் சித்தி போன் செய்தாள்.

"ஏட்டி, நீ வச்சிருக்கியே வினிகரு, அது என்ன வினிகரு? புளிப்பே இல்ல. முக்காவாசி ஊத்தியும் வெங்காயத்துக்குப் பத்தல."

வெங்கடேஸ்வரியின் கையில் இருந்த கத்தி நின்றது. "எதுக்கு சித்தி அத எடுத்தீங்க?"

"பிரியாணிக் கடையில வெங்காயத்த வினிகர்ல ஊறப்போட்டுத் தாரான்ல, அது மாதிரி செஞ்சேன். உங்கம்மா ரெண்டு நாளா வாய் கசக்குது, தகரத்தக் கடிச்ச மாதிரி இருக்குன்னு சோத்தத் தொடவே இல்ல. இன்னைக்கு ஒரு பிடி பிடிச்சா. உப்பும் பச்ச மொளகாயும் போட்ட அந்தத் தண்ணிய வேற ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சா, பாத்துக்கோ! சரி, மாத்திர குடுக்கணும், வைக்கேன்."

"சித்தி! மாத்திர குடுக்காதீங்க, சித்தி..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

வாய் கசக்கிறது, தகரம் மாதிரி. அந்த மாத்திரையின் பெயர் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மெட்ரோனிடசோல். பார் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு துளிகூட ஊற்றக்கூடாது. ஒரு தடவை, சொல்லாமல் இரண்டு கிளாஸ் குடித்த ஒருவரை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். முகமெல்லாம் செங்கல் நிறமாகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாரின் தரையிலேயே வாந்தி எடுத்தார். அவர் திடகாத்திரமான ஆள். அம்மா ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட ஆகாதவள்.

சித்திக்குத் திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மா போன் அணைத்துக் கிடந்தது. மிச்சம் இருந்தது 'அப்பா' என்ற பெயர். அதன்மேல் விரலைக் கொண்டுபோனாள், எடுத்தாள். மறுபடி கொண்டுபோனாள். என்ன சொல்வது? வினிகரில் ஏதோ கோளாறு என்றா? பழைய வினிகர், கெட்டுப்போச்சு என்றா? அப்படிச் சொன்னால் டாக்டர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தைப் பின்னால் பல நாள் அவளால் மன்னிக்க முடியவில்லை. கடைசியில் அழுத்தியபோது, அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு குரல் சொன்னது. அய்யனார் கோவில் பக்கத்துத் தோப்பில் டவர் கிடைக்காது.

"சாவி குடு," என்றாள் கிருபாவிடம், வாசலில் நின்ற அவள் ஸ்கூட்டரைக் காட்டி.

"நாலு இருபதுக்கு..."

"சாவி குடுட்டி!"

மடவார்வளாகம் தாண்டியதும் ரோடு அனலாகக் கிடந்தது. பஞ்சுப் பேல் ஏற்றிய லாரி ஒன்று வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தது. ஹாரனை அழுத்தியபடியே அவள் அம்மா குடித்ததைக் கணக்கிட்டாள். ஒரு டம்ளர் என்றால் எந்த டம்ளர்? காபி டம்ளரா, பெரிய டம்ளரா? நூற்றுக்குப் பதினைந்து பங்கு சாராயம். உப்புத் தண்ணீர் எவ்வளவு சேர்த்தாள்? வேலையில் முப்பது மில்லி, நாற்பத்தைந்து மில்லி என்று கண்ணாலேயே அளக்கிறவளுக்கு அன்று ஒரு கணக்கும் பிடிபடவில்லை. ராஜபாளையத்துக்குள் நுழைந்தால் பாதாள சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம். பஞ்சு மார்க்கெட்டில் வண்டிகள் திருவிழா மாதிரி நின்றன. சந்துக்குள் திருப்பி, ஒரு வீட்டுக் கோலத்தின்மேல் ஏற்றி, வீடு இருக்கும் முடங்கியார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே கால் தாண்டியிருந்தது.

வீட்டு வாசலில் அப்பாவின் பைக் நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருப்பார்.

உள்ளே அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகமும் கழுத்தும் ரத்தச் சிவப்பு. கண் கலங்கி, உதடு வெளுத்து, இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். கீழே பிளாஸ்டிக் வாளி. சித்தி விசிறிக்கொண்டே அழுதாள்.

"படபடங்குதுடி. மண்ட தெறிச்சுப்போவும் போல இருக்கு," என்றாள் அம்மா.

அப்பா ஒரு கையில் சட்டையை மாட்டிக்கொண்டே போனில் ஆட்டோவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும், "தையலு உள்ள சீழ் புடிச்சிருக்கும்னு நெனைக்கேன். மதுரைக்கே கொண்டுபோயிருவோமா?" என்றார். எத்தனையோ ஆட்களை அதட்டிய குரல், இப்போது மகளிடம் யோசனை கேட்டது.

"சீழ் இல்லப்பா."

"பொறவு என்ன?"

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். அடியில் மூன்று விரல் அளவு மிச்சம் இருந்தது. அதை அப்பாவின் கையில் கொடுத்தாள். "இது வினிகர் இல்லப்பா. ஒயினு. நாந்தான் கொண்டாந்து வச்சேன். அம்மா சாப்புடுற மாத்திரைக்கு இது ஆவாது. டாக்டர்ட்ட இதச் சொல்லணும்."

சித்தி விசிறுவதை நிறுத்திவிட்டாள். அப்பா மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். ஒருமுறை முகர்ந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

"எத்தன பர்சென்ட்டு?"

"பதினஞ்சு."

"எம்புட்டு உள்ள போயிருக்கும்?"

"நூறு மில்லிக்கு மேல இருக்கும்ப்பா. தெரியல."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர் பாட்டிலை மூடிச் சட்டைப் பைக்குள் செருகினார். மனைவியைக் கைத்தாங்கலாகத் தூக்கினார். "மாத்திர அட்டைய எடு," என்றார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் எண்பதுக்கு இறங்கியிருந்தது. நர்ஸ் ஓடினாள். டாக்டரம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கியபோதே வெங்கடேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள்: என்ன மாத்திரை, என்ன ஒயின், எத்தனை மணிக்கு, சுமார் எவ்வளவு. அப்பா பக்கத்திலேயே நின்றார். தன் குரலைத் தானே கேட்பது அவளுக்கு யாரோ வாக்குமூலம் கொடுப்பது போல இருந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சலைன் போடுங்க. ஈசிஜி எடுங்க. இந்த மாத்திரைய நிறுத்துங்க," என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, வெங்கடேஸ்வரியிடம் திரும்பினார். "சொன்னது நல்லதாப் போச்சும்மா. இல்லன்னா நானும் உள்ள சீழ்னு நினைச்சு வயித்தத் திறக்கிறதப் பத்தி யோசிச்சிருப்பேன். மூணு நாலு மணி நேரம் பாப்போம்."

"ஒண்ணும் ஆவாதுல்ல டாக்டர்?"

"பாப்போம்னு சொல்றேன்ல."

அந்த 'பாப்போம்' அவளை வராந்தாவில் கொண்டுபோய் உட்காரவைத்தது. அப்பா எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார். சித்தி உள்ளே. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். நர்ஸ் எதையாவது எடுக்க வந்திருப்பாள், போய்விடுவாள்.

"ரிசப்ஷன்னு சொன்னே," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி.

"ஆமாப்பா."

"எத்தன வருசமா இது?"

"மூணு வருசமா. பார்ல. கலந்து குடுக்குற வேல."

அவர் தலையை அசைத்தார். ஒப்புக்கொள்கிற அசைவா, வேறா என்று தெரியவில்லை. "ஒரு ஊறல்ல நானே கைய விட்டுத் துழாவியிருக்கேன். செத்த எலி, பேட்டரிக் கட்ட எல்லாம் வந்துச்சு. அதக் குடிச்சவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இந்த மாதிரித்தான் பெஞ்சில உக்காந்திருந்தா." மூடிய கதவைப் பார்த்தார். "இன்னைக்கு நான் நிக்கேன்."

இது அந்த மாதிரி இல்லை, ஓக் பீப்பாயில் பல வருஷம் பொறுத்துச் செய்கிறது என்று சொல்லலாம். உள்ளே அம்மா சலைனோடு கிடக்கும்போது அதைச் சொல்ல என்ன யோக்கியதை?

போன் அடித்தது. கிருபா. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. நான்காவது தடவை அப்பா, "யாரு? எடுத்துப் பேசு," என்றார். அவள் எடுக்காமல், போட்டியைப் பற்றிச் சொன்னாள். முன்னூறு பேர், எட்டுப் பேர், ஸ்பெயின், நாலு இருபது. சொல்லச் சொல்ல எல்லாமே அற்பமாகப் பட்டது.

"வேண்டாம்னு சொல்லிருதேன்ப்பா."

கதவு திறந்தது. நர்ஸ், "பிரஷர் நூறுக்கு வந்துருச்சு. பாக்கணும்னா ஒருத்தர் வாங்க," என்றாள்.

அம்மாவின் முகத்தில் சிவப்பு வடிந்து திட்டுத்திட்டாக நின்றது. வெங்கடேஸ்வரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா சலைன் ஏறாத கையால் அவள் மணிக்கட்டைத் தட்டினாள். "அழுவாத. இனிமே எந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு சரியா எழுதி வையி. உங்க சித்தி எல்லாத்தையும் சட்டியில ஊத்துதா." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கப்பா ஒண்ணும் சொல்லலையே?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா. அதான் பயமா இருக்கு."

வெளியே வந்தபோது மணி மூன்றரை. அப்பா, "அம்மாவ நான் பாத்துக்கிடுதேன்," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவள், "அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன்ப்பா," என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டு வாசலில் கிடந்த ஸ்கூட்டருக்குப் போனாள்.

நாலு பதினைந்துக்கு அவள் உள்ளே நுழைந்தபோது கிருபா துணிப்பைக்குள் ஐஸைப் போட்டுப் பூரிக்கட்டையால் அடித்துக்கொண்டிருந்தாள். பேச நேரமில்லை. திரையில் மூன்று முகங்கள் வந்தன. எட்டு நிமிஷம் ஓடத் தொடங்கியது. செங்காய்ச் சாறு, பாகு, ஃபிளாஸ்கிலிருந்து ஷெர்ரி. காலையில் ஒத்திகைக்குச் செலவழித்தது போக இரண்டாவது கிளாஸுக்குக் கொஞ்சம் குறைந்தது. வீட்டில் மிச்சம் இருந்ததோ ஆஸ்பத்திரி மேஜையில். குறைந்ததைக் குறைந்ததாகவே ஊற்றி, ஐஸைக் கூட்டினாள். ஒரு நடுவர், காக்டெயிலுக்கு வேறு எத்தனையோ இருக்க ஏன் ஷெர்ரி என்று கேட்டார். வாரக்கணக்கில் மனப்பாடம் செய்த பதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"போதை குறைச்சல், ருசி அதிகம் சார். ஆனா குறைச்சல்னு நாம அசட்டையா இருந்திரக்கூடாது," என்றாள். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

திரை அணைந்ததும் அவள் அந்த இரண்டு கிளாஸையும் சிங்க்கில் ஊற்றிவிட்டுப் போனைப் பார்த்தாள். அப்பாவிடமிருந்து தகவல் வந்திருந்தது. 'பிரஷர் 116. இட்லி கேட்கிறாள்.' அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. மூன்றாவது இடம். ஸ்பெயின் இல்லை, ஒரு சான்றிதழ், நடுவர்களில் ஒருவரிடமிருந்து அடுத்த வருஷமும் வரச்சொல்லி நாலு வரி. அம்மா அதற்குள் எழுந்து வாசல்வரை நடந்தாள். அவளிடம் காட்டினாள். அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, அம்மா சொல்லியிருப்பாள்.

அவள் கொச்சிக்குக் கிளம்பிய அன்று அப்பாதான் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். இத்தனை நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், பஸ் வரத் தாமதமானபோது கேட்டார்.

"ராத்திரி எத்தன மணிக்கு வேல முடியும்?"

"பன்னெண்டு ஆயிரும்ப்பா."

"ரூமுக்கு எப்படிப் போவ?"

"ஹோட்டல் வேன்ல கொண்டுவிட்டுருவாங்க."

"குடிச்சவன் எவனாவது தகராறு பண்ணினா?"

"செக்யூரிட்டி இருக்கு. நானும் சொல்லிருவேன், போதும் சார்னு. அதுக்குமேல ஊத்த மாட்டேன்."

"கேப்பானா?"

"கேக்க வைப்பேன்ப்பா."

அவர் பையைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால், பழைய பழக்கமோ என்னமோ, அடியில் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அடுத்த மாசம் கொச்சிக்கு வாரேன். நீ வேல பாக்குற எடத்தப் பாக்கணும்."

"வாங்கப்பா," என்றாள் அவள்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தபோது அவர் அதே இடத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வரப்போவது அப்பாவா, மதுவிலக்குப் போலீஸா என்று அவளுக்கு விளங்கவில்லை. சேத்தூர் தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டு போனாள்.